ஒன்பதாவது ஃபாரம்

ஜனவரி 9

அன்புள்ள கோந்துக்கு,

அண்ணன் எழுதுவது. நான், அண்ணி, அம்மா மூவரும் இங்கே சுகம். அம்மாவின் முழங்கால் வழக்கம்போல வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருக்கிறது. உன் தோள், முட்டி, விரல் பத்தும் எப்படி இருக்கின்றன என்று இனிமேல் முதல் வரியிலேயே எழுது. போன தடவை சுண்டுவிரல் பிசகியதை மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் சொன்னாய். அதை வாசித்துவிட்டு அண்ணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான்தான் விரலைப் பிசகவைத்தவன்போல.

இதையெல்லாம் போனில் பேச முடியாது. நீ கூப்பிட்டால் அம்மா உடனே ஸ்பீக்கரைப் போட்டுவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரரும் வந்து நின்று, "இந்த வாரம் எத்தனை கோல் விட்டே?" என்று கேட்பார். அதனால் பார்சலோடு கடிதம் வைக்கும் பழக்கத்தை நான் விடுவதாக இல்லை.

இந்த மாதம் நான்கு புத்தகங்கள் அனுப்பியிருக்கிறேன். எல்லாம் எங்கள் பைண்டிங் கூடத்தில் அடிபட்டவை. ஒன்றுக்கு அட்டை தலைகீழ். ஒன்றில் கடைசிப் பக்கம் பசையில் ஒட்டிக்கொண்டுவிட்டது. மற்ற இரண்டும் வெட்டும் மிஷினில் கோணலாகிப் போனவை. கடைக்குப் போகாதவை எல்லாம் உனக்குத்தான். முதலாளி, "எதை வீசினாலும் உன் தங்கச்சி பிடிச்சுக்கும், அனுப்பு" என்கிறார். வழக்கமான கூலியைக் கொடுத்துவிடு: படித்து முடித்ததும் கதையைச் சுருக்கமாக எழுது. பதினெட்டு வருஷமாகப் புத்தகம் தைக்கிறேன். ஒன்றையாவது முழுசாகப் படித்திருப்பேனா என்றால் இல்லை. நாள் முழுக்கத் தாளைத் தொட்டவனுக்கு வீட்டில் வந்து தாளைத் தொடக் கை வராது.

கோந்து என்று கூப்பிடாதே, டீம் பெண்கள் காதில் விழுந்தால் மானம் போகும் என்று எழுதியிருந்தாய். கையில் பட்ட பந்து ஒட்டிக்கொள்கிற கோல்கீப்பரை வேறு என்னவென்று கூப்பிடுவதாம்?

வேளைக்குச் சாப்பிடு. பதில் போடு.

அண்ணன்


ஜனவரி 26

அன்புள்ள அண்ணனுக்கு,

தோள் சுகம். முட்டி சுகம். விரல் பத்தும் இருக்கின்றன, எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உங்கள் மூவர் நலமும் அறிந்து சந்தோஷம்.

பார்சல் வந்த அன்றே ஹாஸ்டலில் அமர்க்களம். என் அறைத்தோழியை உனக்குத் தெரியுமே, தடுப்பு ஆட்டக்காரி, கழுத்து நீளம் என்பதால் ஒட்டகம். அவள்தான் பிரித்தாள். கடைசிப் பக்கம் ஒட்டிக்கொண்ட துப்பறியும் கதையை நான் ஒரே நாளில் படித்துவிட்டேன். கொலைகாரன் யார் என்று தெரிய வேண்டிய இடத்தில் உன் பசை! கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஆவியில் காட்டிக் காட்டிப் பக்கத்தைப் பிரித்தோம். கொலை செய்தது வைத்தியர். வைத்தியரைப் பிடித்ததைவிட அந்தப் பக்கத்தைப் பிரித்ததற்குத்தான் அறையில் கைதட்டல்.

எங்கள் டீமில் யார் என்ன படிக்கிறார்கள் என்று போன மாதம் கேட்டிருந்தாய். கேட்டால் சிரிப்பாய். ஒட்டகம் தன்னம்பிக்கைப் புத்தகம் மட்டும் படிப்பாள். 'நான் மலை, நான் மலை' என்று பஸ்ஸில் முணுமுணுப்பாள், பஸ் வளைவில் திரும்பினால் முதலில் சாய்கிற மலை அவள்தான். எங்கள் முன்வரிசை நட்சத்திரம் எப்போதும் தடிப் புத்தகம் ஒன்றை ஏந்திக்கொண்டு பஸ்ஸில் இருந்து இறங்குவாள். போட்டோவுக்காக. மூன்று வருஷமாக அதே புத்தகம்தான். நடுவரிசைக்காரி ஒருத்தி ராசிபலன். என்னை எல்லோரும் டீச்சர் என்கிறார்கள்.

ஆட்டத்துக்கு முன்னால் இருபது பக்கம் என்ற என் கணக்கு மாறவில்லை. கையுறை போட்டால் பக்கம் திருப்ப முடியாது, ஆகவே இருபதும் முடிந்த பிறகுதான் கையுறை. கோச் கத்துவார். ஆனால் பொடி எழுத்தைப் பார்த்துவிட்டுக் களத்துக்குப் போனால் பந்து பூசணிக்காய் அளவு தெரியும் அண்ணா, சத்தியமாக.

இன்னொரு கூத்து. சீசன் தொடக்கத்தில் டாக்டர் அம்மா எங்கள் எல்லோரையும் ஓர் அட்டையை வாசிக்கச் சொன்னார். பொடி எழுத்தில் சோப்பு செய்யும் முறை, ஆறு வரி. பின்னால் யாருக்காவது தலையில் அடிபட்டால் அதே அட்டையைக் கொடுத்து, எழுத்து ஆடுகிறதா, இரட்டையாகத் தெரிகிறதா என்று பார்ப்பார்களாம். நட்சத்திரம் மூன்று வரிக்குள் நாலு தடவை தடுக்கி விழுந்தாள். "இவளுக்கு அடிபட்டாலும் வித்தியாசம் தெரியாது" என்று கோச் தலையில் கைவைத்துக்கொண்டார். நான் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, வெளியே வந்து ஒட்டகத்திடம் அந்த ஆறு வரியையும் பார்க்காமலே ஒப்பித்துக் காட்டினேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். அம்மா முழங்காலுக்குத் தைலம் அனுப்புகிறேன்.

தங்கை


பிப்ரவரி 16

அன்புள்ள கோந்துக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத வேண்டியது, எழுதிவிட்டேன். மனசு சுகமில்லை.

சனிக்கிழமை ஆட்டத்தை டிவியில் பார்த்தோம். நீ பந்தைக் கட்டிக்கொண்டு கீழே விழுந்த பிறகும் அந்தப் பெண் நிற்கவில்லை. அவள் முட்டி உன் நெற்றிப் பொட்டில் இடித்தது. நீ கிடந்த நேரத்தை அம்மா சுவர்க்கடிகாரத்தில் பார்த்திருக்கிறாள், இரண்டு நிமிஷம் பத்து விநாடி. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்புறம் நீ எழுந்து கையை ஆட்டினாய். மறுநாள் போனில், "ஒண்ணுமில்லம்மா, சும்மா மோதல், பத்து நாள் லீவு, ஜாலி" என்றாய். ஸ்பீக்கரில் சொல்கிறதை நான் எந்தக் காலத்தில் நம்பியிருக்கிறேன்? எனக்கென்று தனியாக எழுது. டாக்டர் என்ன சொன்னார்?

லீவில் பொழுது போக ஒரே ஒரு தடி நாவல் அனுப்புகிறேன். முதுகில் பசை வழிந்திருக்கிறது, மற்றபடி புதிது. அட்டையில் ஒரு ரயில் நிலையம், ஒரு பெண். அண்ணி பார்த்துவிட்டு, "நல்லா அழ வைக்கும்போல" என்றாள். நீ படித்து எழுதினால் அவளும் படிப்பாளாம்.

சீக்கிரம் பதில் போடு. இந்தத் தடவை தாமதிக்காதே.

அண்ணன்


மார்ச் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். விரல் பத்தும் நலம்.

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. பயிற்சி அதிகம். திரும்பவும் ஆட ஆரம்பித்துவிட்டேன், வாராவாரம் டாக்டர் அம்மா சோதிக்கிறார், எல்லாவற்றிலும் பாஸ்.

நாவல் பிரமாதம். ஒரே மூச்சில் படித்தேன், ஒரு பக்கம்கூட விடவில்லை. ரயில் நிலையத்தில் பிரிந்துபோகிற இருவரின் கதை. முடிவில் அழுதுவிட்டேன். அண்ணி அவசியம் படிக்கட்டும்.

எழுத்து கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டு, என்னைத் திட்டாதே.

அடுத்த பார்சலில் சின்னக் குழந்தைகள் புத்தகம் ஏதாவது இருந்தால் வை. பெரிய பெரிய எழுத்தில் இருக்குமே, அது. ஒட்டகத்தின் அக்கா மகளுக்கு.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

தங்கை


மார்ச் 22

அன்புள்ள கோந்துக்கு,

எல்லோரும் நலம். குழந்தைப் புத்தகம் இந்தப் பார்சலில் இருக்கிறது. மீதியைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

வியாழக்கிழமை கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் புத்தகமும் கையுமாகக் கூடத்துக்குள் வந்தார். ஆள் வாட்டசாட்டம். முதலாளி மேஜையில் புத்தகத்தைப் போட்டு, "கோழிக்கு அம்மை ஊசி எங்க போடணும்னு பார்த்தா, இங்க ஒருத்தி ரயில் ஜன்னலைப் பிடிச்சிக்கிட்டு அழறா! என் கோழி சாவுது சார், இவ எதுக்கு அழறா?" என்றார். முதலாளிக்கு முதலில் விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது, ஓடிப்போய் நூல்கண்டு எடுக்கிற சாக்கில் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

பதினாறு பக்கம் அச்சடித்த தாளை மடித்தால் ஒரு ஃபாரம், உனக்குத் தெரியும். ஃபாரங்களை எண் வரிசையில் அடுக்கித்தான் தைக்கிறோம். அந்த வாரம் உன் நாவலும் கோழி வளர்ப்பும் ஒரே அளவில், அடுத்தடுத்த மேஜையில் இருந்தன. ஒன்பதாவது ஃபாரம் மட்டும் இடம் மாறிவிட்டது. அடுக்கிய மகராசன் அடியில் இருந்த எண்ணை மட்டும் பார்த்திருக்கிறான், இரண்டிலும் ஒன்பது. அந்த மகராசன் நான்தான். நூறு பிரதி! நாவலில் 129ஆம் பக்கத்திலிருந்து 144 வரை கோழி. உனக்கு அனுப்பியதும் அந்த நூறில் ஒன்று, சந்தேகமே இல்லை, அந்தக் கட்டில் மேலாக இருந்ததைத்தான் எடுத்தேன்.

கூடம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தோம். உனக்கு எழுதிச் சிரிக்கலாம் என்று தாளை எடுத்தேன். அப்போதுதான் உன் கடிதம் ஞாபகம் வந்தது. எடுத்து மறுபடியும் பார்த்தேன். 'ஒரு பக்கம்கூட விடவில்லை' என்று எழுதியிருக்கிறாய்.

நடுவில் பதினாறு பக்கம் கோழிக்கு ஊசி போட்டார்களே கோந்து, அதையும் அழுதுகொண்டே படித்தாயா?

கெட்டில் ஆவியில் காட்டிக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தவள் நீ. அட்டை தலைகீழாக இருந்தால் இரண்டு பக்கம் எனக்குக் கிண்டல் எழுதுகிறவள் நீ. நீ எழுதிய கதைச் சுருக்கம் நாவலின் பின்னட்டையில் அப்படியே இருக்கிறது. உன் எழுத்து ஜனவரியில் எறும்பு மாதிரி இருந்தது, இப்போது ஒரு வரிக்கு நான்கு வார்த்தை. பெரிய எழுத்துப் புத்தகம் உண்மையில் யாருக்கு?

எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. உண்மையை எழுது.

அண்ணன்


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. வாசிக்கவே இரண்டு நாள் ஆனது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மூன்று வரி வாசித்து, படுத்து எழுந்து, மறுபடி மூன்று வரி. கோழிக்காரர் இடத்தில் சிரித்தேன், தலை வலித்தது.

இனி உன்னிடம் மறைத்துப் பிரயோஜனமில்லை. அந்த அடிக்குப் பிறகு எழுத்து நிற்பதில்லை. வரி மேல் வரி ஏறுகிறது. பத்து வரிக்குள் கண்ணுக்குப் பின்னால் யாரோ திருகுகிற மாதிரி வலி, அப்புறம் வாந்தி. நாவலின் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. ஆட்டத்துக்கு முன் இருபது பக்கம் திருப்புகிறேன், திருப்ப மட்டும். யாரும் கண்டுபிடிக்கவில்லை. டீச்சர் படிக்கிறாள் என்று கதவைச் சாத்திவிட்டுப் போகிறார்கள்.

எப்படி பாஸ் ஆகிறாய் என்று கேட்பாய். சோப்பு அட்டை. வாராவாரம் அதே ஆறு வரி. கையில் வாங்கி, கண்ணை மேலும் கீழும் ஓட்டி, மனப்பாடமாகச் சொல்கிறேன். டாக்டர் அம்மா, "எழுத்து ஆடுதாம்மா? தலைவலி?" என்று கேட்பார். "இல்ல டாக்டர்." அவ்வளவுதான். நல்லவர் அண்ணா அவர். அதை நினைத்தால்தான் கூச்சமாக இருக்கிறது.

தூரத்தில் எல்லாம் சரியாகவே தெரிகிறது. பந்து ஒன்றுதான். அதனால் ஆட முடிகிறது.

26ஆம் தேதி அரையிறுதி, மே 17 இறுதி. ஜூனில் என் ஒப்பந்தம் முடிகிறது. இரண்டாவது கோல்கீப்பர் என்னைவிட ஆறு வயது சின்னவள், பசியோடு உட்கார்ந்திருக்கிறாள். இப்போது நான் உட்கார்ந்தால் திரும்ப எழுந்திருக்க முடியாது. பதினோரு வருஷம் அண்ணா. ஒரு தடவையாவது அந்தக் கோப்பையைத் தொட்டுவிட்டு டாக்டரிடம் நானே போகிறேன்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடு. அண்ணியிடம்கூட. நீ சொன்னால் எனக்கு அண்ணன் இல்லை.

தங்கை


ஏப்ரல் 15

அன்புள்ள கோந்துக்கு,

இங்கே மூவரும் இருக்கிறோம். சுகமா என்று கேட்டால் இரண்டு பேர் சுகம்.

உன் கடிதத்தைக் கூடத்துக்குக் கொண்டுபோய், தாள் அடுக்கி வைத்திருக்கும் மூலையில் உட்கார்ந்து வாசித்தேன். வீட்டில் வாசித்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அம்மா கேட்டாள், "தங்கச்சி என்ன எழுதியிருக்கா?" நான் சொன்னேன், "நல்லா இருக்காளாம், நிறைய படிக்கிறாளாம்." எனக்கே என் வாய்மேல் வெறுப்பு வந்தது.

நீயே டாக்டரிடம் சொல். கெஞ்சிக் கேட்கிறேன். எங்கள் பக்கத்து அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவரின் தம்பி பைக்கில் விழுந்தான். எழுந்து நடந்து வீட்டுக்கு வந்தான். இரண்டாவது முறை படியில் இடறித் தலையில் சும்மா தட்டியது. அந்த 'சும்மா'தான் அவனைக் கொண்டுபோனது.

நீ ஒரு பேச்சு கேட்கிறவளா? பத்து வயதில் கம்பவுண்டு சுவரிலிருந்து குதிக்காதே என்றேன், குதித்துவிட்டுத்தான் "ஏன்?" என்று கேட்டாய்.

சரி. வாக்குக் கொடுக்கிறேன். நான் யாரிடமும் சொல்லவில்லை. நீ சொல்வாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

முதலாளி கூடத்தில் டிவி மாட்டியிருக்கிறார். நீ இறுதிக்கு வந்தால் அன்றைக்கு எல்லா மிஷினையும் நிறுத்திவிடுவாராம்.

உடம்பைப் பார்த்துக்கொள். தலையைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜெயித்துவிட்டோம்! பார்த்திருப்பாய். அம்மா போனில் அழுதாள், பக்கத்து வீட்டுக்காரர் முதல்முறையாக என்னைத் திட்டவில்லை.

டிவியில் தெரியாததை உனக்கு மட்டும் சொல்கிறேன். 78ஆம் நிமிஷம் அந்த ஃப்ரீ கிக் ஞாபகம் இருக்கிறதா? தூரத்தில் ஒரு பந்துதான் கிளம்பியது. கைக்கெட்டுகிற தூரத்தில் இரண்டாகிவிட்டது. கொஞ்ச நாளாகவே இப்படித்தான். இடது பக்கம் இருப்பதுதான் நிஜம் என்று பயிற்சியில் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். இடதைப் பிடித்தேன், அதுதான் நிஜம். அரங்கமே எழுந்து நின்றது. கடைசியாக வந்த ஒரு பந்தில் மட்டும் வலதுதான் நிஜமாக இருந்துவிட்டது. மணிக்கட்டில் பட்டுக் கம்பத்தில் இடித்து வெளியே போனது. என் தலைக்கும் கம்பத்துக்கும் ஒரு சாண் இடைவெளிதான் இருந்ததாம், ஒட்டகம் சொன்னாள். நான் கம்பத்தைப் பார்க்கவே இல்லை.

பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை. நீதான் வீணாகப் பயந்தாய். இன்னும் ஒரே ஒரு ஆட்டம்.

வாக்கைக் காப்பாற்றியதற்கு நன்றி. உன்னைப்போல அண்ணன் யாருக்குக் கிடைப்பான்?

தங்கை


மே 2

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் உங்கள் அணியின் கோல்கீப்பருடைய அண்ணன், புத்தகம் பைண்டிங் செய்கிறவன். உங்களுக்கு எழுதுகிற அளவுக்குப் படித்தவன் இல்லை, பிழை இருந்தால் மன்னிக்கவும்.

இத்துடன் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். பக்கத்து அச்சகத்தில் அடித்து வாங்கினேன். செருப்புத் தைப்பது பற்றி ஆறு வரி இருக்கிறது. பொடி எழுத்துதான். என் தங்கையை அடுத்த முறை சோதிக்கும்போது உங்கள் சோப்பு அட்டைக்குப் பதிலாக இதைக் கொடுங்கள். வேறு எதுவும் கேட்க வேண்டாம். அவள் இதை வாசித்துவிட்டால், நான் ஒரு முட்டாள் என்று நினைத்து இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள்.

பந்து இரண்டாகத் தெரிகிறது என்று எனக்கு எழுதியிருக்கிறாள். 17ஆம் தேதி அவளைக் கம்பத்துக்கு நடுவே நிறுத்தாதீர்கள், உங்கள் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியது யார் என்று அவளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்க நினைத்தேன். அது சரியில்லை. நான்தான் என்று சொல்லுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
கோல்கீப்பரின் அண்ணன்


மே 7

அண்ணனுக்கு,

இதை ஒட்டகம் எழுதுகிறாள். நான் சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். எனக்குத் திரை போட்ட அறை. வாசிக்கக்கூடாது, எழுதக்கூடாது, டிவி கூடாது.

திங்கட்கிழமை காலையில் நானே டாக்டர் அம்மாவிடம் போனேன். கேட்கிறதா? நானே. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் உன் குழந்தைப் புத்தகத்தை எடுத்தேன். ஒரு முயல் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறது. ஒரு பக்கத்துக்கு மூன்று வரி, கட்டைவிரல் பருமன் எழுத்து. இரண்டாம் பக்கத்தில் அதுவும் கலங்கிவிட்டது. அந்த முயல் என்ன ஆனது என்று எனக்குத் தெரியவில்லை அண்ணா. பந்து போனால் போகிறது, அது எப்படியும் ஒரு நாள் போகத்தான் போகிறது. சாகிறவரைக்கும் படிக்கலாம் என்று இருந்தேன். பஸ்ஸில் எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள், நான் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். மறுநாள் டாக்டர் அறைக்குப் போய், சோப்பு அட்டையை அவர் எடுப்பதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் பழைய ரத்தம் கசிந்து உறைந்திருக்கிறதாம். "இன்னொரு அடி பட்டிருந்தா உன்னைத் தூக்கிட்டுத்தான் வந்திருப்போம்" என்றார் டாக்டர் அம்மா. கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆறு மாதம் பந்தைத் தொடக்கூடாது, அப்புறமும் சந்தேகம்தான் என்கிறார். 17ஆம் தேதி சின்னவள் ஆடுகிறாள். வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், கையுறைக்கு என்ன அளவு என்று கேட்டாள்.

புதன்கிழமை உன் கடிதம் வந்தது. எனக்கு வாசிக்க முடியாதே, டாக்டர் அம்மாவே சத்தமாக வாசித்தார். செருப்புத் தைக்கும் அட்டையை மேஜைமேல் வைத்தார்.

நீ வாக்குக் கொடுத்தாய். எனக்கு உன் வாக்கு மட்டும்தான் இருந்தது. நான் போய்ச் சொன்னது என் சொந்தத் தைரியத்தில் என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எல்லோரும், "நல்ல வேளை, அண்ணன் எழுதினார்" என்கிறார்கள். இரண்டே இரண்டு நாள் நீ பொறுத்திருக்கக்கூடாதா?

இனிமேல் பார்சல் அனுப்பாதே.

தங்கை

(அண்ணா, இது ஒட்டகம். அவள் அழுதுகொண்டேதான் சொன்னாள். அதை எழுதாதே என்றாள். எழுதிவிட்டேன். அவள் தூங்கும்போது சரியாக மூச்சு விடுகிறாளா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். கவலைப்படாதீர்கள்.)


மே 12

அன்புள்ள கோந்துக்கு,

ஒட்டகத்துக்கு முதலில்: அம்மா, நீ நல்லா இருக்கணும். இதை ஒரு வரி விடாமல் அவளுக்கு வாசித்துக் காட்டு. "நிறுத்து" என்றாலும் நிறுத்தாதே.

இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணி என்னோடு பேசுவதில்லை, ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று. அவள் கேட்பது நியாயம்.

நீ நீயாகவே போய்ச் சொன்னாய் என்பதை வாசித்ததும் கூடத்தில் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுதியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், பொய் சொல்ல விரும்பவில்லை. உன் தைரியத்தை நான் தட்டிப் பறித்ததாக நினைக்காதே. யார் கேட்டாலும் தேதியைச் சொல். திங்கட்கிழமை நீ போனாய், புதன்கிழமைதான் என் கடிதம் வந்தது. முதலாளியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் வரைக்கும் இங்கே எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அதை எழுதாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

மார்ச் 22ஆம் தேதியே எனக்குத் தெரியும். உன் ஏப்ரல் கடிதம் வந்தபோது சந்தேகம்கூட மிச்சமில்லை. அன்றே டாக்டருக்கு எழுதியிருக்கலாம், ஒரு போன் போட்டிருக்கலாம். வாக்குக் கொடுத்தேன், அதனால் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் நிஜம். கூடத்தில் டிவி மாட்டச் சொல்லி முதலாளியிடம் கேட்டதே நான்தான். ஸ்டூல் மேல் ஏறி ஆணி அடித்ததும் நான்தான். தங்கச்சி இறுதி ஆட்டம் ஆடப்போகிறாள் என்று தபால்காரர் வரைக்கும் சொல்லி வைத்திருந்தேன். அரையிறுதியில் நீ தாவிப் பிடித்தபோது எல்லோரையும்விட உரக்கக் கத்தியது நான். உன் தலை கம்பத்துக்குப் பக்கத்தில் போனதை நான் பார்த்தேன் கோந்து. பார்த்துக்கொண்டேதான் கத்தினேன். எனக்கும் அந்தக் கோப்பை வேண்டியிருந்தது.

இரண்டு நாள் முந்திக்கொண்டேன் என்று என்மேல் கோபப்படுகிறாய். அதை விடு. நாற்பது நாள் சும்மா இருந்தேன். கோபப்படுவதானால் அதற்குக் கோபப்படு.

ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலில் கிளம்பி வருகிறேன். அன்றைக்குத்தான் ஆட்டம், ஹாஸ்டலில் ஒருவரும் இருக்க மாட்டார்கள், உன்னைத் தனியே விட எனக்கு மனசில்லை. உன்னோடு பேச வேண்டும் என்று கேட்க மாட்டேன். கதவைத் திறக்க வேண்டாம். ஒட்டகம், கிளம்புவதற்கு முன்னால் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி மட்டும் போட்டுவிட்டுப் போ.

அண்ணன்